மங்கைக்கு நூற்றொன்று

ஜனவரி 19, ஞாயிறு

மங்கைக்கு நூற்றொன்று. எனக்கு நூற்றெண்பத்து நாலு. பரீட்சை மார்க்காக இருந்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருப்பேன். இது கெட்ட கொழுப்பாம். எல்டிஎல் என்கிறார்கள். கூடினால் கேடு, குறைந்தால் பெருமை.

போன வாரம் கல்யாண மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். நானும் மங்கையும் ஒன்றாகப் போய்க் கையை நீட்டினோம். மங்கை என் ஓரகத்தி. கொழுந்தனார் மனைவி. என்னைவிட ஆறு வயது இளையவள், அடுத்த தெருவில்தான் வீடு. இன்று முடிவு வாங்கப் போனால், அங்கே உட்கார்ந்திருந்த பெண் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதுபோல எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டாள். பாளையங்கோட்டைக்கே தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உங்க அம்மாவும் நெஞ்சு வலியிலதான் போனாங்கன்னு சொல்றீங்க. இதை மட்டும் விட்டுராதீங்க. மூணு மாசத்துல திரும்பப் பாப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார். "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் முப்பத்தஞ்சு வருசமா சொல்லுதேன். டாக்டரம்மா இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சிருக்கா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அதோடு நிறுத்தினாரா? "மங்கையப் பாரு ஆவுடை. ஒரு மாத்திரை கிடையாது. நூத்தியொண்ணு!"

மாமியார் இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மூத்தவ ஒடம்பு இரும்பு" என்று சொல்லுவார்கள். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பட்டம் அது. அதையும் மங்கை தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

மங்கை ஓட்ஸ் உப்புமா கொண்டுவந்தாள், இவருக்கு. இவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் உப்புமாவை முப்பத்தைந்து வருடமாக ஒரு தடவைதான் சாப்பிடுகிறார்.

வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எப்படிட்டி குறைச்சே?"

"நான் மாத்திரைக்கெல்லாம் போகலக்கா. எல்லாம் ஆன்டி ஆக்சிடன்ட்தான்."

அக்கா என்று கூப்பிட்டவள் திடீரென்று ஆன்டி என்கிறாளே என்று ஒரு நிமிடம் திகைத்துப்போனேன். அது சத்துப் பொருளாம். பூண்டு மாத்திரை, கிரீன் டீ, விட்டமின் ஈ, ஆளிவிதை என்று விரலை மடக்கினாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு. போன ஆடியில் மதுரைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் சீராடிவிட்டு இளைத்து வந்தாளே, அதிலிருந்துதான் இந்த மினுக்கல். ஊரே அவளைப் பார்த்து, "மெலிஞ்சு அழகாயிட்டே மங்கை" என்றது.

அவள் மகள் சுபாஷிணிக்கு வரன் பார்க்கிறார்கள். தென்காசியில் ஓர் இடம் நன்றாகக் கூடிவருகிறதாம். "ஜாதகத்தைவிட ஒடம்பைத்தான் கேக்காகக்கா. குடும்பத்துல யாருக்கும் சீக்கு உண்டான்னு நாலு தடவை கேட்டாச்சு" என்றாள். என்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

ஜனவரி 25, சனி

முடிவு செய்துவிட்டேன். மாத்திரை போட்டுக் குறைத்தால் அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? மங்கை மாத்திரை இல்லாமல் நூற்றொன்று என்றால், நான் மாத்திரை இல்லாமல் தொண்ணூறு வந்து காட்டுகிறேன்.

அட்டையில் மாத்திரை குறையாவிட்டால் இவர் கேட்பார். அதனால் தினம் ஒன்றைப் பிதுக்கிச் செம்பருத்தித் தொட்டியில் போடுகிறேன். செம்பருத்திக்குக் கொழுப்பு குறையட்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

மங்கை வீட்டுக்கு முருங்கைக்கீரை கொடுக்கப் போன சாக்கில் அவள் அலமாரியை ஒரு பார்வை பார்த்தேன். கள்ளி! விரல் மடக்கிச் சொன்னாளே, அதில் சொல்லாத ஒரு டப்பா இருக்கிறது. மஞ்சள் மூடி. மேலே கொட்டை எழுத்தில் ஒமேகா. நான் பார்த்ததைப் பார்த்ததும் சட்டென்று எடுத்து உள்ளே வைத்தாள். அப்படியென்றால் மர்மம் அதில்தான் இருக்கிறது.

நம் தெருக் கடையில் வாங்கினால் விஷயம் நடந்து அவள் வீட்டுக்குப் போய்விடும். பஸ் ஏறி ஜங்ஷன் மருந்துக்கடைக்குப் போய், அதே மஞ்சள் மூடி ஒமேகா, பூண்டு மாத்திரை, விட்டமின் ஈ, திராட்சைக் கொட்டை மாத்திரை எல்லாம் வாங்கிவந்தேன். அவள் ஒன்று போட்டால் நான் இரண்டு போடுவேன். ஒமேகா பார்க்க அழகாக இருக்கிறது. தேன் சொட்டு மாதிரி.

பிப்ரவரி 14, வெள்ளி

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள் விடிந்ததும் மீன் குழம்பு வைப்பார்கள் போலிருக்கிறது. வாடை குடலைப் பிடுங்குகிறது. வெள்ளிக்கிழமைகூடப் பார்ப்பதில்லை. ஏப்பம் விட்டால்கூட அந்த வாடைதான் வருகிறது என்றால் பாருங்கள், எவ்வளவு உள்ளே போயிருக்கும்! நம்முடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு.

இவரிடம் சொன்னேன். "அவுக ஊருக்குப் போயி ஒரு வாரமாச்சே" என்கிறார். இவருக்கு எது தெரியும்?

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. நானும் மங்கையும் கோயிலுக்குப் போனோம். நாலு படி ஏறியதும் மங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூக்கூடையை என்னிடம் நீட்டி, "நீங்க வச்சுக்கோங்கக்கா" என்றாள். முன்னெல்லாம் இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு நடப்பாள். இப்போது பூக்கூடை கனக்கிறதாம் மகாராணிக்கு. அவளுக்குத்தான் கொழுப்பு, ரத்தத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கொழுந்தனார் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து மெல்ல ஏற்றிவிட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இவர் எனக்கு முன்னால் விடுவிடுவென்று ஏறிப்போய்ச் சுண்டல் வரிசையில் நின்றுகொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, மேல் வயிற்றில். உட்கார்ந்து மோர் குடித்த பிறகுதான் அடங்கியது.

மார்ச் 6, வியாழன்

இதை எழுதலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

காலையில் ஒமேகா ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் கொல்லைச் சுவரிலிருந்து ஒரு பூனை குதித்து ஓடிவந்தது. நம் வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது? தயிர்கூட வைத்ததில்லை. மாத்திரையைக் கடித்து நக்கி, தரையையும் நக்கி, இன்னும் கொடு என்று என் காலைச் சுற்றியது.

இவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் இங்கிலீஷ். பிஷ் ஆயில்.

மீன் எண்ணெய்! ஒரு மாதமாக, தினம் இரண்டு! நெல்லையப்பா! எதிர்வீட்டுக்காரியைத் திட்டிய திட்டெல்லாம் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

வேப்பமரத்தடிக்கு ஓடினேன். எட்டு மணி வரைக்கும் வாய் கொப்பளித்தேன்.

அதே தேதி, மாலை

அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. நான் தெரியாமல் தின்றேன். மங்கை தெரிந்தே தின்கிறாள். அதனால்தானே டப்பாவை ஒளித்தாள்! ஏகாதசி விரதம் என்பாள், பூண்டு சேர்க்கிற நாள் இது இல்லை என்று எனக்கே பாடம் எடுப்பாள். உள்ளே மீன்.

அடுத்த மாதம் இருபத்து நாலாம் தேதி மாமியார் திவசம், எங்கள் வீட்டில். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். தென்காசி மாப்பிள்ளையின் அத்தை செண்பகவல்லியும் மாமியார் வழியில் சொந்தம், எனக்குச் சித்தி முறை, அவரும் வருகிறார். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "மங்கை, நீ தினமும் முழுங்குதியே, அது என்ன மாத்திரைட்டி?"

நினைத்தாலே பாயசம் குடித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஒமேகாவை நிறுத்தவில்லை. சோதனை முடியட்டும். மருந்துக்குப் பாவமில்லை என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

வடாம் போட மாடிக்கு மாவை எடுத்துப்போனேன். பாதிப் படியில் வயிற்றெரிச்சல். பக்கத்தில் மங்கையும் இல்லை, நான் அவளை நினைக்கவும் இல்லை. பிறகு ஏன் எரிந்தது என்று தெரியவில்லை. வியர்த்தும் கொட்டியது. வெயில்தான் காரணம். பூண்டு மாத்திரை வேறு சூடு.

இவர் கீழே இருந்து, "வடாம் மங்கை மாதிரி மெல்லிசாப் போடு" என்றார். எரிச்சல் கூடிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கூடியிருக்கிறது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தினம் ராத்திரி" என்றேன். தொட்டியில் என்று சொல்லவில்லை.

அவர் நெற்றியைச் சுருக்கினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதும், சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல ஒமேகாவையும் விட்டமின் ஈயையும் பற்றிக் கேட்டேன். "மீன் எண்ணெய் வேற ஒரு கொழுப்புக்குக் கொஞ்சம் வேலை செய்யும்மா. எல்டிஎல்லைக் குறைக்காது, சிலருக்கு லேசாக் கூட்டவும் செய்யும். விட்டமின் ஈயும் அப்படித்தான், இந்த வேலைக்கு ஆகாது. பூண்டு, ஆளிவிதையெல்லாம் சமையல்ல சேர்த்துக்கோங்க, நல்லதுதான். ஆனா நூத்தித் தொண்ணூறை நூறாக்கறது அதால ஆகாது."

அப்படியானால் மங்கைக்கு எப்படி ஆனது? வழியெல்லாம் இதே யோசனை. ஆண்டவனுக்கும் அவள்மேல்தான் பிரியம் போலிருக்கிறது.

டாக்டரம்மா மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன். காலை

இன்றைக்குத்தான். பிரண்டைத் துவையல் ஆயிற்று. வடைக்கு ஊறுகிறது. மங்கை வந்து வாழைக்காய் நறுக்குகிறாள். "அக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே, கொஞ்சம் இருங்களேன்" என்றாள். இரு இரு, உன் மூஞ்சி எப்படி இருக்கப்போகிறது என்று பந்தியில் பார்ப்போம்.

ஏப்ரல் 30, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தேன். எழுதக் கூடாது என்கிறார் இவர். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். இனிமேல் அந்த வார்த்தையையும் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

காக்கைக்குச் சோறு வைத்து, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. செண்பகவல்லி அத்தை நடுவில். மங்கை ஒரு பக்கம் கூட்டு வைத்துக்கொண்டு வருகிறாள். நான் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு நேராக நின்றேன்.

"மங்கை, நீ தினமும் முழுங்குதியே..."

அவ்வளவுதான் வந்தது. எரிச்சல் மேல் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஓர் அழுத்தம். வாளி கீழே போனது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"வாயு, வாயு. காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்றார் இவர். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் மோரில் பெருங்காயம் கரைத்தார். நானும், "ஒண்ணுமில்ல, பந்திய விட்டு எந்திரிக்காதீய" என்று முனகினேன்.

மங்கை கூட்டு வாளியை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, தாடை இழுக்குதா?"

"ஆமாட்டி."

"இடது கை?"

"மரத்துப்போச்சு."

அவள் நிமிர்ந்து, "இது வாயு இல்ல. காரை எடுங்க!" என்று கத்தினாள்.

யாரும் அசையவில்லை. திவச வீட்டில் இலை போட்டபின் எழுந்திருப்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மங்கை, நீ சும்மா இரு" என்றார் கொழுந்தனார். அவர் கண் செண்பகவல்லி அத்தையிடம் போய் வந்தது. மங்கையும் அந்த அத்தையைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான்.

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு! எல்லாரும் வாயுன்னுதான் சொன்னாக! போன ஆடியில மதுரையில எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு, போதுமா? எந்திரிங்க எல்லாரும்! எங்க அக்காவைத் தூக்குங்க!"

செண்பகவல்லி அத்தையின் கை இலைமேல் அப்படியே நின்றது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

மே 2, வெள்ளி

இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். எனக்கு இரண்டு ஸ்டென்ட். இரண்டு மாதமாக வயிற்றெரிச்சல் என்று நான் எழுதியதெல்லாம் நெஞ்சு கூப்பிட்ட குரல். மங்கையைப் பார்த்து எரிந்து எரிந்து, எது எந்த எரிச்சல் என்றே தெரியாமல் போய்விட்டது.

மங்கை தினம் கஞ்சி கொண்டுவருகிறாள். இன்று அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொட்டியில் போட்ட மாத்திரை, ஜங்ஷன் கடை, பந்தியில் கேட்கவிருந்த கேள்வி. திட்டுவாள் என்று பார்த்தேன். மடியிலிருந்து அந்த மஞ்சள் மூடி டப்பாவை எடுத்து என் கையில் கவிழ்த்தாள். தேன் சொட்டு இல்லை. வெள்ளை மாத்திரை. டாக்டரம்மா எனக்குக் கொடுத்ததே.

"இதுதான்க்கா என் நூத்தியொண்ணு. சுபா கல்யாணம் முடியிற வரைக்கும் வெளிய தெரியக்கூடாதுன்னு டப்பாவை மாத்துனேன். சத்து மாத்திரைன்னு நெனைச்சுக்கிடட்டும்னு எங்க எதிர்வீட்டுக்காரிட்ட காலி டப்பா கேட்டு வாங்கி, கழுவி வச்சேன்."

"அப்ப நீ மீன் மாத்திரை தின்னதே இல்லையா?"

"சிவ சிவா! நான் ஏன்க்கா அதைத் திங்கேன்?"

"அடிப்பாவி! அப்ப இந்தக் குடும்பத்துல மீன் தின்னவ நான் ஒருத்திதானா?"

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஊசி குத்தாத இடமெல்லாம் வலித்தது.

பிறகு மெல்லச் சொன்னாள். "உங்க கொழுந்தன் எப்பப் பாத்தாலும் 'மதினியப் பாரு, ஒரு தலைவலி மாத்திரை தொட்டதுண்டா'ம்பாக. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கும்போதும் சொன்னாக. எனக்கு எப்படி வயிறு எரியும் தெரியுமாக்கா?"

அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்கட்டும்!

மே 9, வெள்ளி

தென்காசியிலிருந்து பேச்சே இல்லை. நிச்சயத்துக்கு நாள் குறிக்கவேண்டிய வாரம் இது. மங்கை அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. கஞ்சியில் மட்டும் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. சுபாஷிணி வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனாள்.

நான் உயிரோடு இருப்பதற்கு விலை அந்தப் பிள்ளையின் கல்யாணமா? இதற்கு மங்கை என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மே 13, செவ்வாய்

செண்பகவல்லி அத்தை ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நல்லவேளை, மங்கை இல்லை. உடம்பை விசாரித்தார், வெயிலைத் திட்டினார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆவுடை, கேக்கேன்னு தப்பா நினைக்காத. மங்கை அன்னைக்கு ஏதோ சொன்னாளே?"

இதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நானும் இதற்காகத்தான் நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ஸ்டென்டா? அதை நீங்களும் நம்பிட்டீயளா சித்தி? பந்தி கலையக் கூடாதுன்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். எல்லாரும் சோடா சோடான்னு நின்னாக. அவ அப்படி ஒரு போடு போடலேன்னா உங்கள்ல யாராச்சும் இலைய விட்டு எந்திரிச்சிருப்பீயளா? நெஞ்சு வலி எங்க அம்மா வழியில எனக்கு வந்தது. அவளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தை என் முகத்தையே பார்த்தார். "அப்ப மங்கைக்கு ஒண்ணும் இல்ல?"

வாய்வரை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் நான் கட்டிக்காத்த பட்டம். அதை எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தேன்.

"அவளுக்கென்ன சித்தி? அவ ஒடம்பு இரும்பு. எல்டிஎல் நூத்தியொண்ணு. மண்டபத்துல எல்லார் முன்னாலயும் வாசிச்சாக, வேணும்னா கேட்டுப் பாருங்க."

நூற்றொன்று பொய்யில்லை. மற்றதற்கு நெல்லையப்பர் என்னை மன்னிக்கட்டும். மாமியாரும் மன்னிக்கட்டும்.

அத்தை போகும்போது முகம் தெளிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். இது பழைய எரிச்சல்தான், பயமில்லை.

மே 21, புதன்

நிச்சயத்துக்கு ஆனி முதல் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். மங்கை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டாராம். "நீங்களாக்கா என்னை இரும்புன்னீய?" என்று கேட்டாள். "பேச்சுக்குச் சொன்னேன், தலைக்கு ஏத்திக்காதே" என்றேன்.

ராத்திரி மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, இவரிடம் நாக்கை நீட்டிக் காட்டினேன். செம்பருத்தி இனிமேல் அதன் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த சோதனை ஜூலையில். நானும் மங்கையும் ஒன்றாகத்தான் போகிறோம். அவளுக்கு நூற்றொன்று என்றால் எனக்குத் தொண்ணூற்றொன்பதாவது வரவேண்டும்.